ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

வைகைக்கரை:
அக்காவுக்கு 43 வயது, மூன்று வருடமாக உடம்பு முழுக்க வலி. ஈஎஸ்ஆர், ஆர்ஏ ஃபேக்டர், யூரிக் ஆசிட் என மூட்டு வாதத்துக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், கடைசியில் ஃபைப்ரோமயால்ஜியா என்றார்கள். சப்பாத்தி மாவு பிசைந்தால் இரண்டு நாளைக்குத் தோளைத் தொடவிட மாட்டாள். ஜிம் நண்பன் ஒருவன், வளர்ச்சி ஹார்மோன் குறைவுதான் காரணம், ஊசி நானே வாங்கித் தருகிறேன் என்கிறான். வளர்ந்து முடிந்தவளுக்கு எதற்கு அது?

ராத்திரி டூட்டி:
நண்பர் முழுக்கக் கதை விடவில்லை. பெரியவர்களுக்கும் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி இதைச் சுரக்கிறது, தசையைப் பழுதுபார்க்க வேண்டுமே. பெரும்பகுதி வருவது ராத்திரி முதல் ஆழ்ந்த உறக்கத்தில். இந்த நோயில் கெடுவதும் அந்தத் தூக்கம்தான். அமெரிக்காவில் ராபர்ட் பென்னட் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் ரத்தப் பொருள்) குறைவாக இருந்த, இதே நோயுள்ள 50 பெண்களில் ஒரு பாதிக்கு ஹார்மோன், மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசி, தினமும் 9 மாதம். ஹார்மோன் போட்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை, ஆனால் பலன் தெரியவே சுமார் 6 மாதம் ஆனது, நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு மறுபடி மோசமானது. சிலருக்கு மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போனது வேறு.

பழைய செருப்பு:
கூடினாலும் வலிதான் சார். சித்தப்பாவுக்கு பிட்யூட்டரியில் கட்டி, அக்ரோமெகலி, அதாவது வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய். செருப்பு 8-இலிருந்து 10 ஆனது, கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். அதுவரை மூட்டுத் தேய்மானம் என்றே மாத்திரை கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்மோன் இறங்கிவிட்டது, முழங்கால் வலி மட்டும் இன்னும் போகவில்லை, குருத்தெலும்பு கெட்டது கெட்டதுதான்.

வைகைக்கரை:
அப்போ ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்துவிடலாமா? அக்காவுக்கு சுகர் பார்டரில் இருக்கிறது.

ராத்திரி டூட்டி:
சுகர் பார்டர் என்றால் இன்னும் யோசிக்கணும், இந்த ஊசி சுகரை ஏற்றும். பகலில் எடுக்கிற ஒற்றை ஹார்மோன் டெஸ்டால் பயனில்லை, அது விட்டு விட்டுச் சுரப்பது, ஐஜிஎஃப்-1 பாருங்கள். அது குறைவாக இருந்தால் எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரிடம் போங்கள், குறைபாடு உண்டா என்று அவர்தான் வேறு டெஸ்ட் வைத்து முடிவு செய்வார். அதுவரை மெதுவான நடை, தூக்கம், ரூமட்டாலஜிஸ்ட் (மூட்டு, தசை வலி டாக்டர்) கொடுத்த மாத்திரை. அப்புறம், அந்த மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கணும், நண்பர் எங்கே வைத்திருக்கிறார்?

வைகைக்கரை:
நேற்று காட்டினான். ஜிம் பையில், ஷூவுக்குப் பக்கத்தில். பில் கேட்டேன், சிரிக்கிறான்.