கேன் பாட்டையில் நடுவர் இல்லை: ‘வழிவிடல்’ என்ற சொல்லுக்காக

நண்பர்களுக்கு வணக்கம்.

வாகன மின்னணுப் பிணையங்களுக்கான சொற்பட்டியலில் ‘புரோட்டோகால்’ நெறிமுறை, ‘நோட்’ கணு, ‘ஃபிரேம்’ சட்டகம் என்று வைத்ததில் எனக்கு மறுப்பில்லை. ‘பஸ்’ என்பதற்குப் பாட்டை என்பதும் சரிதான். வண்டியைப் பற்றி எழுதும் இடத்தில் ‘பஸ்ஸில் கோளாறு’ என்று போட்டால் எந்த பஸ் என்று படிப்பவர் திகைப்பார். ஒரே நேரத்தில் பலர் பேச முயன்றால் யார் முதலில் என்பதைத் தீர்க்கும் ‘ஆர்பிட்ரேஷன்’ என்பதற்கு எதிரே இருக்கும் ‘நடுவர் தீர்ப்பு’தான் உறுத்துகிறது. அகராதிப்படி பிழையில்லை, ஆனால் கேன் (CAN) பாட்டையில், அதாவது கணுக்கள் எனப்படும் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுக் கம்பித்தடத்தில், நடப்பது அதுவல்ல.

1986-இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட கேன் நெறிமுறையின் அழகே அதில் நடுவர் இல்லாததுதான். வண்டிகளில் உள்ள இன்னொரு வகையான லின் (LIN) பாட்டையில் தலைமைக் கணு ஒன்று உண்டு. அது கூப்பிட்டால்தான் மற்றவை பேசும். கேனில் அப்படி யாரும் கிடையாது. பாட்டை ஓய்ந்திருந்தால் எந்தக் கணுவும் பேச ஆரம்பிக்கலாம். இரண்டு கணுக்கள் ஒரே கணத்தில் ஆரம்பித்துவிட்டால்?

ஒரு செய்தியின் அடையாள எண் பதினறும முறையில் 123, இன்னொன்றினுடையது 129 என்று வைத்துக்கொள்வோம். 11 பிட்டுகளாக எழுதினால் முதலாவது 00100100011, இரண்டாவது 00100101001. முதல் ஏழு பிட்டுகள் ஒன்றேதான். இரண்டு கணுக்களும் சேர்ந்தே அனுப்புகின்றன, யாருக்கும் எதுவும் தெரியாது. எட்டாவது பிட்டில் ஒன்று 0 என்கிறது, மற்றது 1 என்கிறது. பாட்டையில் 0-தான் நிற்கும். தான் 1 அனுப்பியும் பாட்டையில் 0 இருப்பதைப் பார்த்த கணு அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிக்கிறது. பாட்டை ஓய்ந்ததும் தன் செய்தியை மறுபடி தானே அனுப்ப முயல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, 123-ஐ அனுப்பிய கணுவுக்குப் போட்டி ஒன்று நடந்ததே தெரியாது. அது அனுப்பிய ஒரு பிட்கூடச் சிதையவில்லை. மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. நடந்தது ஒன்றே ஒன்று, ஒரு கணு தானாக வழிவிட்டது.

அதனால் ‘வழிவிடல்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஒரு கலைச்சொல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதை வினையாக்கி ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ‘இந்தக் கணு நடுவர் தீர்ப்பில் தோற்றது’ என்றால் செய்தியே தொலைந்துபோனது போல் ஒலிக்கிறது. ‘எட்டாவது பிட்டில் வழிவிட்டது’ என்றால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது. வழிவிடு புலம், வழிவிடு கட்டம் என்று சேர்ந்து வரும் சொற்களும் தடையில்லாமல் பிறக்கின்றன. சில்லுகளை இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி (I²C) பாட்டையிலும் இதே முறைதான், அங்கேயும் பொருந்தும். மையத்தில் ஒரு மின்சுற்று உட்கார்ந்து யாருக்கு முறை என்று முடிவு செய்யும், கணினிக்குள் இருக்கும் பிசிஐ (PCI) போன்ற பாட்டைகளுக்கு ‘நடுவர்’ இருக்கட்டும், அங்கே உண்மையிலேயே நடுவர் உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நிற்கும் 0-வுக்கும் அடங்கும் 1-க்கும் பட்டியலில் ‘ஆதிக்க பிட்’, ‘பின்னடைவு பிட்’ என்று இருக்கின்றன. பின்னடைவு என்றால் ஏதோ தோல்வி போல இருக்கிறது. மரபியல் பாடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்திருக்கிறோமே, ஆங்கிலத்திலும் மரபியலில் வழங்கும் அதே இரு சொற்கள்தான். ஓங்கு பிட், ஒடுங்கு பிட் என்றே வைக்கலாம். மின்னழுத்தத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு இதன் பொருத்தம் உடனே புரியும்: ஒடுங்கு நிலையில் கேன் பாட்டையின் இரண்டு கம்பிகளும் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் ஒன்றாக ஒடுங்கி நிற்கும். ஓங்கு நிலையில் ஒன்று 3.5-க்கு எழும்பும், மற்றது 1.5-க்கு இறங்கும்.

அப்புறம், ‘ஐடென்டிஃபையர்’ என்பதற்கு ‘முகவரி’ வேண்டாம். கேனில் அந்த எண் செய்திக்கு உரியது, கணுவுக்கு அல்ல. ‘அடையாள எண்’ போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ‘பஸ்-ஆஃப்’. ஒரு கணுவின் அனுப்புப் பிழை எண்ணிக்கை 255-ஐத் தாண்டினால் அது தானே பாட்டையிலிருந்து விலகிக்கொள்ளும் நிலை அது. ‘பாட்டை அணைப்பு’ என்று எழுதியிருப்பது தவறான பொருள் தருகிறது. பாட்டை அணையவில்லை, மற்ற கணுக்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘பாட்டை விலகல்’ என்று நினைத்தேன், ஆனால் வழிவிடலோடு குழம்புமோ என்று ஒரு தயக்கம். இதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.