ஹோமோகிளிஃப்: "போலி எழுத்து" வேண்டாமே

வணக்கம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் வெவ்வேறு எழுத்துகளைத்தான் ஹோமோகிளிஃப் (homoglyph) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

> ஹோமோகிளிஃபுக்குப் "போலி எழுத்து" என்று போட்டுவிடலாமா? எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். 2017-இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவன முகவரி போலவே தெரியும் ஒரு டொமைனைப் பதிவுசெய்து காட்டினார். பெயரின் ஐந்து எழுத்துகளும் ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் முறையைச் சேர்ந்தவை. உள்ளே அது 'எக்ஸ்என்' (xn--) என்று தொடங்கும் பியூனிகோடு சரம், அதாவது பிற எழுத்துமுறைப் பெயரை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் வடிவம். குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைச் சிரிலிக்கில் காட்டியதுதான் வினை. குரோம் 58-ஆம் பதிப்பில் சரிசெய்தார்கள். சரி, அதில் எந்த எழுத்து போலி? முதலில் வரும், ஆங்கில a போலத் தெரியும் 'ஆ' ரஷ்யர்கள் தினமும் எழுதுவது.

தவிர, 'போலி'யை இலக்கணம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. பந்தல், பந்தர்: எழுத்து மாறும், பொருள் மாறாது. இங்கே தலைகீழ். கண்ணுக்கு எதுவும் மாறாது, போய்ச்சேரும் இடம் மாறிவிடும்.

தமிழுக்குள்ளேயே க, உ, எ ஆகியவற்றைப் போலவே தெரியும் ௧, ௨, ௭ என்ற எண்கள் இருக்கின்றன. அதைவிடத் தொல்லை ஔவையார்தான். ஔ-வை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒ-வோடு ஔகார நீட்டல் குறி சேர்த்தும் வைக்கலாம்; இவற்றை யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை) ஒன்றாக்கிவிடும். ஆனால் பலர் அடிப்பது ஒ, பக்கத்தில் ள. அதை எந்த இயல்பாக்கமும் தொடாது. டொமைன் பெயர்களைப் பதிவுசெய்யும் பதிவகம் இரண்டையும் மாற்றுருவாக (வேரியன்ட், அதாவது ஒன்றாகவே கருதப்படும் வடிவங்களாக) சேர்த்துப் பூட்டாவிட்டால் 'ஔவை' ஒருவர் கையிலும் 'ஒளவை' இன்னொருவர் கையிலும் போகும். அப்படி அடித்தவரெல்லாம் திருடரா என்ன!

அதனால் எழுத்துக்கு ஒரு பெயர், செய்கைக்கு வேறு பெயர் வேண்டும். எழுத்துக்கு "உருவொப்பு எழுத்து" என்கிறேன். ("ஒப்புரு" சுருக்கம்தான், ஆனால் ஒப்புரவு என்று படித்துவிட்டு வள்ளுவரைத் தேடுவார்கள்.) அதை வைத்து ஏமாற்றும் தாக்குதலுக்கு "எழுத்து மாறாட்டம்". ஆள்மாறாட்டம் தெரிந்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

> மின்னஞ்சலுக்கும் இதே சொல் பொருந்துமா?

பொருந்தும். 2012-இல் வந்த தரப்படி @ குறிக்கு முன்னாலும் தமிழ் வரலாம். அந்தப் பகுதி பதிவகத்தின் கைக்கு எட்டாது. அஞ்சல் சேவை நடத்துபவர்தான் உருவொப்பைத் தடுக்க வேண்டும். மாறாட்டம் செய்ய நினைப்பவருக்கு அங்கேதான் இன்னும் வசதி.

'மாற்றுரு'வை மட்டும் வேரியன்ட்டுக்கே விட்டுவைப்போம், அதை இதில் இழுக்க வேண்டாம்.