கொடைக்கானல் மலையில டென்ட் போட எந்த மாசம் சரி?

வணக்கம் மக்களே. மன்னவனூர் பக்கம் ரெண்டு ராத்திரி டென்ட்ல தங்க ஆசை. கூட ஏழு வயசுப் பையனும் வர்றான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே சீசன் கூட்டம். மார்ச்ல காடு காஞ்சு கிடக்கும். 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணி மலையில, மலையேறப் போனவங்க உயிரைப் பறிச்ச காட்டுத்தீயைச் சொல்லி வீட்டம்மா வேண்டவே வேண்டாம்ங்கிறாங்க (எனக்கும் உள்ளூர பயம்தான்). மிச்சம் ஜனவரி, பிப்ரவரி. வானம் தெளிவா இருக்கும், நட்சத்திரம் பார்க்கலாம். ஆனா கொடைக்கானலே சுமார் 2100 மீட்டர் உயரம், உறைபனி விழுற நேரம் வேற. பையன் தாங்குவானா? அப்போ தங்கினவங்க சொல்லுங்க: எந்த மாதிரி ஸ்லீப்பிங் பேக் எடுத்துட்டுப் போனீங்க, தரையில என்ன விரிச்சீங்க? காட்டுக்குள்ள வேண்டாம்; பட்டா நிலத்துல முறையான அனுமதியோட நடத்துற இடம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.