அமெரிக்காவில் உரிமமின்றி எஃப்எம் ஒலிபரப்பு: சட்ட வரம்பு எவ்வளவு?

கேள்வி

வணக்கம். நியூஜெர்சியில் உள்ள எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவை, வாகன நிறுத்துமிடத்தில் கார்களில் அமர்ந்திருப்போரும் கேட்கும்படி எஃப்எம்மில் ஒலிபரப்ப விரும்புகிறோம். '100 மில்லிவாட், உரிமம் தேவையில்லை' என்று இணையத்தில் விற்கப்படும் கருவியை வாங்கலாமா? இலாப நோக்கமற்ற பள்ளிக்கு விலக்கு ஏதும் உண்டா?

மறுமொழி 1

தயவுசெய்து வாங்காதீர்கள். 100 மில்லிவாட் என்பது ஏஎம் ஒலிபரப்புக்கு உரிய வரம்பு. விற்பவர்கள் அதை எஃப்எம்முக்கும் பொருத்திச் சொல்வது மிகவும் தவறானது. எஃப்சிசி (அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம்) விதிகளில் உரிமமின்றி இயங்கும் கருவிகளுக்கான 15ஆம் பகுதி, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வாட் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆன்டெனாவிலிருந்து 3 மீட்டர் தொலைவில் மின்புலச் செறிவு (அங்கு உணரப்படும் அலையின் வலிமை) மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது. திறந்தவெளிக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 19 நானோவாட். அதாவது, 100 மில்லிவாட்டை முழுமையாக வெளியிடும் கருவி, வரம்பைப் போல் ஐம்பது லட்சம் மடங்கு ஆற்றலை வீசும். வரம்புக்குள் நின்றால் சுமார் 200 அடி வரை கேட்கும். சிறிய வாகன நிறுத்துமிடத்திற்கு அது போதும். எஃப்சிசி சான்று பெற்ற கருவியா என்று பார்த்து வாங்குங்கள். பள்ளி என்பதற்காகவோ, அந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்பதற்காகவோ விலக்கு கிடையாது.

மறுமொழி 2

ஏஎம்மிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒலிபரப்புக் கருவியில் ஆன்டெனாவுக்கு முந்தைய இறுதிப் பெருக்கிக் கட்டத்திற்குச் செல்லும் உள்ளீட்டு ஆற்றல் 100 மில்லிவாட்டுக்குள் இருப்பதோடு, ஆன்டெனா, இணைப்புக் கம்பி, தரையிணைப்புக் கம்பி மூன்றின் மொத்த நீளமும் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எந்த அலைவரிசையானாலும், உரிமம் பெற்ற நிலையத்திற்கு இடையூறு நேர்ந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அரங்கம் வாடகை இடம். வரம்பு மீறினால் பொறுப்பு யாருடையது?

மறுமொழி 3

ஒலிபரப்புபவர் மட்டுமல்லர், தெரிந்தே இடம் கொடுக்கும் உரிமையாளரும் பொறுப்பாவார். 2020 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டம் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் வரையும், மொத்தமாக 20 லட்சம் டாலர் வரையும் அபராதம் விதிக்க இடமளித்தது. 15ஆம் பகுதிக்கு உட்பட்டு இயங்கும் கருவிகளை அது தொடுவதில்லை.

நிரந்தர வானொலி வேண்டுமென்றால், இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான எல்பிஎஃப்எம் (குறைந்த ஆற்றல் எஃப்எம்) உரிமம் 100 வாட் வரை அனுமதிக்கிறது. எஃப்சிசி அறிவிக்கும் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்க முடியும். சட்டவிரோதமாக ஒலிபரப்பியவர்களுக்கு அவ்வுரிமம் மறுக்கப்படும் என்பதால், அந்த எண்ணம் பள்ளிக்கு இருந்தால் இந்த விழாவில் கூடுதல் கவனம் தேவை.