கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டுக்குக் கீழே தண்டனை தர வழி உண்டா?

கேள்வி:
என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) வழக்கில் கஞ்சா வணிக அளவு என்று நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். முதல் குற்றம், கூலிக்குச் சுமந்து வந்தவர், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை என்றெல்லாம் எடுத்துச் சொன்னால் சிறப்பு நீதிமன்றம் ஏழெட்டு ஆண்டாகக் குறைக்குமா? குறைக்க முடியாது என்றால் தண்டனை பற்றித் தனியாகக் கேட்பது எதற்கு?

பதில் 1:
குறைக்க முடியாது சார். ‘போதிய, சிறப்பான காரணம் இருந்தால் குறைக்கலாம்’ என்ற வாசகம் இந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) பாலியல் வன்கொடுமைப் பிரிவான 376இல் அது இருந்தது, 2013 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்கும் இதே கட்டுதான்.

ஆகவே வாதம் எடையில் தொடங்க வேண்டும். வணிக அளவு என்றால் 20 கிலோவுக்கு ‘மேல்’. சரியாக 20 கிலோ இருந்தால் அது இடைப்பட்ட அளவு: 10 ஆண்டு வரை தரலாம், குறைந்தபட்சம் கிடையாது. 20.050 என்றால் தொடக்கமே 10 ஆண்டு. அந்த 50 கிராமுக்காகவே மகஜரை (பறிமுதல் விவரம் எழுதிய பதிவை) வரி வரியாகப் படியுங்கள். சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கைக் கழித்தார்களா? சட்டப்படி கஞ்சா என்பது பூவோ காயோ பிடித்த நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. பிரித்து நிறுத்ததாக எங்கும் எழுதவில்லை என்றால் பறிமுதல் செய்த அதிகாரியைக் குறுக்கு விசாரணையிலேயே கேட்டுவிட வேண்டும். தண்டனை நாளில் கேட்டுப் பயனில்லை.

தண்டனையின் அளவு நீதிபதி கையை விட்டு எடை போடுகிறவர் கைக்குப் போய்விடுகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலைமை இப்படி இருப்பதால்தான் எடையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பதில் 2:
மேலே சொன்னதை ஹெராயின் வழக்கில் அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே வணிக அளவு 250 கிராமுக்கு மேல். கலப்படத்தைக் கழித்துச் சுத்தமான போதைப்பொருளை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் ஹிரா சிங் வழக்கில் அது மாறி, கலவையின் மொத்த எடையே கணக்கு என்றானது. இன்னமும் பழைய தீர்ப்பை வைத்து மனு போடுகிறார்கள். அரசுத் தரப்பு ஒரே வரியில் அதை அடித்துவிடும்.

பதில் 3:
தண்டனை விசாரணை வெறும் சடங்கு இல்லை. வரம்பு 10 முதல் 20 ஆண்டு. பத்துக்கு மேல் போக 32பி பிரிவு சில காரணங்களைச் சொல்கிறது: ஆயுதம் காட்டியது, அரசுப் பதவியில் இருந்துகொண்டு செய்தது, சிறாரைப் பயன்படுத்தியது, பள்ளி அருகே நடந்தது போன்றவை. இவை எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவாக்குங்கள். ஆனால் அந்தப் பட்டியலோடு முடியவில்லை. பிடிபட்ட அளவையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019இல் ரஃபீக் குரேஷி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

பலர் விட்டுவிடுவது அபராதம் கட்டாவிட்டால் வரும் கூடுதல் சிறை. 1 லட்சத்தைக் குறைக்க முடியாது, கட்டத் தவறினால் எத்தனை மாதம் என்பது நீதிபதியின் விருப்புரிமை. 2007இல் சாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி விதித்திருந்த 3 ஆண்டை 6 மாதமாக்கியது. அபராதம் கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு இது இரண்டரை ஆண்டு மிச்சம். விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைக் கழிக்கும் உத்தரவும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 468), பல பிரிவுகளில் தண்டனை வந்தால் ஏககாலத்தில் அனுபவிக்கும் உத்தரவும் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.