வீட்டுக்குள் ஆமைக் குஞ்சுக்கு இடம்: கண்ணாடித் தொட்டியா, மரப்பெட்டியா?

பிரபு, லெஸ்டர்
பிப்ரவரி 8

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு ஹெர்மன் ஆமை (தெற்கு ஐரோப்பாவின் சின்ன நில ஆமை) குஞ்சு வாங்க முடிவு செய்துவிட்டோம். வீட்டிலேயே முட்டை பொரிக்க வைத்து வளர்க்கும் ஒரு பெரியவரிடமிருந்து வருகிறது. போன ஆகஸ்டில் பொரித்தது, இப்போது 34 கிராம். பாதுகாக்கப்பட்ட இனத்தை விற்கத் தேவையான ஆர்டிகிள் 10 சான்றிதழ் அவர் எடுத்து வைத்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் போய் எடுத்து வர வேண்டும்.

இடம்தான் குழப்பம். நேற்று கடையில் ஒரு மொத்த செட் காட்டினார்கள்: 60க்கு 45 செ.மீ. கண்ணாடித் தொட்டி, சுருள் வடிவ யூவி பல்பு ஒன்று, அடியில் ஒட்டும் ஹீட் மேட், ஒரு பை மரச்சீவல். வளர்த்தவரோ திறந்த மேசைப் பெட்டி, அதாவது மேலே மூடியில்லாத மரப்பெட்டிதான் நல்லது என்கிறார். இணையத்தில் பாதிப் பேர், குஞ்சுக்கு மூடிய பெட்டிதான் வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஹாலில் பகலில் 20 டிகிரி, ராத்திரி ஹீட்டிங் நின்றதும் 16 வரை இறங்கும். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. அந்த வெயில் போதுமா, யூவி விளக்கு கட்டாயம் வேண்டுமா?

மதுரையில் அம்மாவிடம் சொன்னேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மூன்று நாளாகப் பேசவில்லை. அது வேறு.

ரவி, டோர்ட்முண்ட்
பிப்ரவரி 8

வணக்கம் பிரபு. கண்ணாடித் தொட்டியை விட்டுவிடுங்கோ. இங்கே ஜெர்மனியில் பழைய ஆட்கள் கனபேர் ஹெர்மன் குஞ்சை வீட்டுக்குள் வைப்பதையே விரும்புவதில்லை. தோட்டத்தில் ஃப்ரூபீட் என்று ஒரு பெட்டி, நாற்று வளர்க்கிறது. இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் கூரை, உள்ளே ஒரு விளக்கு. என்னுடைய மூன்றும் குஞ்சாக இருந்த நாளிலிருந்து வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை அதற்குள்தான், ஒவ்வொன்றும் தனித்தனித் தடுப்பில். உண்மையான வெயிலுக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை. ஆனால் பிப்ரவரியில் எடுத்து வருகிறீர்கள், முதல் சில மாதத்துக்கு உள்ளே ஒரு ஏற்பாடு வேண்டும்தான். அதைப் பற்றிச் செல்வி அக்கா வடிவாகச் சொல்லுவா.

செல்வி, கோவென்ட்ரி
பிப்ரவரி 9

பிரபு தம்பி, அந்தக் கடைப் பட்டியலைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2011இல் நானும் ஏறக்குறைய அதே சாமான்களைத்தான் வாங்கி வந்தேன். மரச்சீவல் காய்ந்தே இருக்கட்டும், ஈரம் பட்டால் ஆமைக்குச் சளி பிடிக்கும் என்று கடையில் சொன்னார்கள். அப்படியே செய்தேன். என் முதல் ஆமை வள்ளி அப்போது ஒரு எலுமிச்சம்பழ அளவு. சாப்பிட்டாள், நடந்தாள், எடையும் ஏறியது. தப்பாக எதுவும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் பார்த்தால், முதுகு ஓட்டின் ஒவ்வொரு சில்லும் தனித்தனி மேடாக எழும்பி, சீத்தாப்பழத் தோல் மாதிரி ஆகியிருந்தது. மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் வளர்கிற பகுதியைச் சமமாக வளர்க்கலாம், எழும்பினது இறங்காது என்றார். இன்றைக்கும் குளிப்பாட்டும்போது விரல் அந்த மேடுகளில் ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப் போகும்.

2017இல் வந்த முருகன் ஈர மண்ணில் வளர்ந்தவன். அவன் ஓடு ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருக்கிறது. ஓடு மேடு தட்டுவதற்குப் புரதம் அதிகமான தீனிதான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 2003இல் வியன்னாவில் சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வில், புரதத்தை விடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய காரணம் என்று தெரிந்தது. இனம் வேறுதான். ஆனாலும் என் வீட்டில் இரண்டு ஓடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அதனால், என்ன பெட்டி என்பதை விட, குஞ்சு நடக்கிற உயரத்தில் ஈரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கண்ணாடி ஏன் வேண்டாம் என்றால், வெளியே தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை. அது ஆமைக்குப் புரியாது. நாள் முழுக்க மூலையில் நின்று கண்ணாடியைப் பிராண்டும். அதோடு 60 செ.மீ. நீளத்தில் ஒரு முனை சூடு, மறு முனை குளிர்ச்சி என்று பிரிக்கவே முடியாது, எல்லா இடமும் ஒரே சூடாகிவிடும். ஆமை தன் உடம்புச் சூட்டை இடம் மாறி மாறித்தான் சரி செய்துகொள்ளும். 34 கிராம் குஞ்சுக்கே ஒரு மீட்டர் நீளம் வேண்டும் என்பது என் எண்ணம்.

முருகனுக்கு நான் செய்தது இதுதான். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், 80 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழமுள்ள பழைய புத்தக அலமாரி ஒன்றைத் தட்டுகளைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் போட்டேன். பின்பக்க அட்டை மெல்லிசு, மண் பாரம் தாங்காது, அடியில் ஒரு பிளைவுட் பலகை கொடுத்தாக வேண்டும். உள்ளே தோட்டக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டைச் சுவர் வரைக்கும் ஏற்றி ஒட்டினேன். மண்ணுக்கு, உரமோ வெள்ளைப் பெர்லைட் குருணையோ கலக்காத சாதாரண டாப்சாயில் பாதி, தென்னை நார்க்கழிவு பாதி. குளிர்ந்த முனையில் 12 செ.மீ. ஆழம், விளக்குப் பக்கம் 7 செ.மீ. எனக்கு 80 லிட்டர் பிடித்தது. நனைந்த பிறகு பெரிய ஆள் எடை வரும், அதனால் எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். தரையோடு வைத்தால் குளிர்காற்று படும், செங்கல் வரிசை மேல் வையுங்கள்.

ஈரத்தை மேலே தெளித்தால் மட்டும் போதாது. மேல்மண் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மூலையில் செம்பால் ஊற்றினால் அடியில் பரவி மெல்ல மேலே வரும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. குளிர்ந்த பாதிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை மூடி மாதிரி வைத்துவிட்டால் அங்கே 70, 80 சதவீத ஈரப்பதம் நிற்கும். விளக்குப் பாதி திறந்தே இருக்கும். திறந்த மேசையா மூடிய பெட்டியா என்று அடித்துக்கொள்கிறார்களே, சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுக் காற்று வறண்டு கிடக்கிற நம் வீடுகளுக்கு இந்தப் பாதிப் பாதிதான் ஒத்து வந்தது.

அடுத்தது சூடு. மேலிருந்து மட்டும்தான் வர வேண்டும், ஹீட் மேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆமை மண்ணுக்குள் தோண்டுவதே சூட்டிலிருந்து தப்பிக்கத்தான், அங்கேயும் கொதித்தால் அது எங்கே போகும்? ஒரு வெள்ளை ஹாலஜன் ஃப்ளட் விளக்கு, பீங்கான் ஹோல்டர், சூடு ஏறினால் விளக்கைத் தானே மங்கலாக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட். விளக்குக்கு நேர் கீழே ஒரு தட்டையான ஸ்லேட் கல். அந்தக் கல்லின் மேல் 32 முதல் 35 டிகிரி, மறு முனையில் 20, 22. சுவரில் ஒட்டும் வட்ட டயலை நம்பாதீர்கள், அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ராத்திரி 16 டிகிரி பயப்பட வேண்டியதில்லை, எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், சிவப்பு பல்பெல்லாம் வேண்டாம். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, தனியாக இன்னொரு சங்கிலியும் போடுங்கள். ஒன்று அறுந்தால் மண் மேல் விழுந்து தீப்பிடிக்கக் கூடாது.

யூவி கட்டாயம். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யூவிபி கதிரை விடாது. அது இல்லாமல் டி3 சத்து உண்டாகாது, சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். சுருள் பல்பு ஒரு சின்ன வட்டத்துக்குத்தான் எட்டும். 12 சதவீதம் யூவிபி என்று போட்ட டி5 குழல் விளக்கு, 24 வாட், பின்னால் ரிஃப்ளெக்டரோடு, ஓட்டிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில், ஹாலஜனுக்குப் பக்கத்திலேயே. இரண்டும் காலையில் ஏற்றி 12 மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவை குழலை மாற்ற வேண்டும், கண்ணுக்கு நன்றாக எரிகிற மாதிரித் தெரிந்தாலும் கதிர் குறைந்திருக்கும்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். கல், மரத்துண்டு, தண்ணீர்த் தட்டு எதுவும் விளக்குக்குக் கீழே உயரமாக இருக்கக் கூடாது. முருகன் மூன்று மாதத்தில் ஒரு கட்டை மேல் ஏறிச் சரிந்து மல்லாந்துவிட்டான். நல்ல வேளை, குளிர்ந்த பக்கம். நாலு காலும் காற்றில் ஆட, கழுத்தை நீட்டித் தலையால் மண்ணை உந்தி உந்திப் புரளப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேலையிலிருந்து வந்தபோது மண்ணில் அவன் தலை தோண்டிய குழி மட்டும் ஒரு விரல் ஆழம். விளக்குக்குக் கீழே அப்படி ஆகியிருந்தால் உயிர் போயிருக்கும். அதற்கப்புறம் பெட்டிக்குள் எதையும் அவன் ஓட்டில் பாதி உயரத்துக்கு மேல் வைப்பதில்லை. ஒளிந்துகொள்ள மட்டும் ஒரு மண் பூந்தொட்டியை நீளவாக்கில் பாதி புதைத்து, உள்ளே ஈரப்பாசி வையுங்கள், அது போதும்.

தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டு ஒன்று, மண்ணோடு மட்டமாகப் பதித்து. தினம் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிஷம் உட்கார வையுங்கள், மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம் வரைதான் தண்ணீர். வெள்ளையாகக் களிம்பு போல ஏதாவது வெளியே வந்தால் பயப்படாதீர்கள், அது யூரிக் உப்பு. மணல் மணலாக வந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் மாமியாரும் முதலில் அதையேதான் சொன்னார். ஒரு கோடைக்கு இங்கே வந்திருந்தபோது, வள்ளிக்குச் செம்பருத்திப் பூ பறித்துப் போடுவது அவர் வேலையாகிவிட்டது.

பிரபு, லெஸ்டர்
பிப்ரவரி 9

அக்கா, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. செட்டை வாங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் அலமாரி ஒன்றைச் சும்மா தருகிறார், நீங்கள் சொன்ன அளவுக்கு இரண்டு விரல்தான் குறைவு. இரண்டு சந்தேகம். பிப்ரவரியில் தீனிக்கு எங்கே போவது? துணைக்கு இரண்டாவது குஞ்சு வாங்கலாமா என்று மகள் கேட்கிறாள்.

செல்வி, கோவென்ட்ரி
பிப்ரவரி 10

துணை வேண்டாம் தம்பி. பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பதைப் பார்த்துப் பாசம் என்று நினைப்போம். விளக்கடியில் இருக்கும் நல்ல இடத்துக்காக ஒன்றை ஒன்று நெருக்குவதுதான் அது. ஒன்று வளரும், மற்றது தேயும். என்னுடையவை இரண்டும் தனித்தனி அறையில் இருக்கின்றன.

தீனிக்குக் காட்டுச் செடிதான் நல்லது: டேன்டிலயன், க்ளோவர், இலையில் நீளவாக்கில் கோடு ஓடும் ப்ளான்டெய்ன் களைச்செடி. மருந்தடிக்காத, நாய் நடக்காத இடத்தில் பறியுங்கள். இப்போதைக்குக் கடையில் லாம்ப்ஸ் லெட்டஸ், எண்டைவ் என்ற சாலட் கீரைகள் கிடைக்கும், அவற்றின் மேல் பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியைச் சிட்டிகை தூவுங்கள். பசலைக்கீரை வேண்டாம், பழமும் வேண்டாம், தக்காளி வெள்ளரி கொடுத்துப் பழக்காதீர்கள். ஒரு கணவாய் ஓடு போட்டு வையுங்கள், நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, அதுதான். கொறித்துக்கொள்ளும்.

ரவி சொன்னதையும் மறந்துவிட வேண்டாம். மே மாதம் நல்ல வெயில் நாளில் புல்லில் விடுங்கள், மேலே கம்பி வலை போட்டு. மேக்பை பறவை ஒரு நொடியில் தூக்கிவிடும்.

கார்த்திக், சென்னை
பிப்ரவரி 11

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். தெரிந்தவர் ஒருவர் நட்சத்திர ஆமைக் குஞ்சு இரண்டாயிரம் ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இங்கே வெயிலே போதும், விளக்கு வேண்டாம் இல்லையா?

செல்வி, கோவென்ட்ரி
பிப்ரவரி 11

தம்பி, தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தியாவில் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் திருத்தி முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டார்கள். 2019இல் உலக அளவிலும் வணிகத்துக்குத் தடை போட்டாயிற்று. நீங்கள் பார்க்கிற குஞ்சு காட்டிலிருந்து பிடித்ததாகத்தான் இருக்கும். சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டு எத்தனை தடவை செய்தி வந்திருக்கிறது. ஒருவர் வாங்கினால் இன்னொன்றைப் பிடிக்கப் போவார்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பிரபு வாங்குவது வீட்டில் பொரித்த குஞ்சு, காகிதத்தோடு வருகிறது. இரண்டும் ஒன்றில்லை.

பிரபு, லெஸ்டர்
மார்ச் 9

வந்து ஒரு வாரம் ஆகிறது. மகள் முத்து என்று பேர் வைத்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் ஈரப்பாசிக்குள் புதைந்து கிடந்தது, பயந்துபோனோம். மூன்றாம் நாள் காலை விளக்கு ஏறி அரை மணியில் மெல்ல வந்து ஸ்லேட் கல்லின் மேல் கழுத்தையும் பின்னங்கால்களையும் நீட்டிப் படுத்துவிட்டது. கல் 33 டிகிரி, ஈரமூலை 21. இன்று சமையலறைத் தராசில் 36 கிராம். மகள் நோட்டில் எழுதி வருகிறாள். அம்மா நேற்று வீடியோவில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, இலை தின்பதைக் காட்டு என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. மூடிக்கு அடியில் காலையில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. அது சரியா?

செல்வி, கோவென்ட்ரி
மார்ச் 9

படம் பார்த்தேன், முத்துவின் கண் நன்றாகத் தெளிவாக இருக்கிறது. சந்தோஷம். தண்ணீர் கோப்பது பரவாயில்லை, ஆனால் காற்று போக வழி வேண்டும். ஈரமும் வேண்டும், புழுக்கமும் கூடாது. மூடியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். மண்ணில் பூஞ்சை வாடை வந்தால் அந்தப் பிடியை மட்டும் அள்ளிவிட்டுப் புதுசு போடுங்கள்.