வீடு சந்திப்பு, குருமனை, பந்தி: முதல் சேகரத்துக்குப் போகிற தம்பிமாருக்கு

ஓய்வுபெற்ற சேகர குருவானவர், நெல்லைப் பக்கம்:

ஸ்தோத்திரம். குருப்பட்டம் வாங்கிய கையோடு, முதல் சேகரத்துக்கு (ஒரு குருவானவர் பொறுப்பில் உள்ள சபைகளுக்கு)ப் போகும்போது தம்பிமார் கேட்கிற முதல் கேள்வி, சபையாரோடு சிநேகமாய்ப் பழகலாமா, கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டுமா என்பது. 1910ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் இந்தியக் குருவானவர் அசரியா எழுந்து பேசியதை நினைத்துப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் 1874ல் ஒரு கிராமத்து ஐயர் (குருவானவரை நம் சபைகளில் அப்படித்தான் அழைப்போம்) வீட்டில் பிறந்தவர். நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிமாரைப் பார்த்துச் சொன்னார். 1912 டிசம்பரில் அவரே தெலுங்கு தேசத்துத் தோர்னக்கலுக்கு அத்தியட்சர் (பிஷப்) ஆனார். அன்று அவர் கேட்டதை இன்று சபையார் நம்மிடம் கேட்கிறார்கள். தள்ளி நிற்க நமக்கு ஏது இடம்?

பழகுவதற்கு நம் கையில் இருக்கிற பெரிய வழி வீடு சந்திப்புதான். முதலில் கணக்கு. 200 குடும்பம் உள்ள சபை என்று வையுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு 4 வீடு, வாரத்தில் 3 நாள், ஆக 12 வீடு. ஒரு சுற்று முடிய 17 வாரம் ஆகும். சாவு, கல்யாணம், கன்வென்ஷன், மழை எல்லாம் போக வருஷத்துக்கு இரண்டு சுற்று நிச்சயம் முடிக்கலாம். ஒரே நாளில் 10 வீடு என்று ஓடினால் ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் மட்டும்தான் மிஞ்சும், பேச்சு இருக்காது. வாசலில் கிடக்கிற செருப்பைக்கூடச் சரியாய்க் கழற்றாமல் நிற்கிற ஐயரிடம் யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டுக்கு 20 நிமிஷம். முதல் 10 நிமிஷம் கேளுங்கள், நீங்கள் பேச வேண்டாம். பிறகு சின்ன சங்கீதம் ஒன்று. 121ம் சங்கீதம் எட்டே வசனம், எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஜெபத்தில் பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கிற மகன் பெயரைச் சொன்னால் தாய் தலையில் கிடக்கிற முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைப்பதைப் பார்ப்பீர்கள். பெயர் தெரியாவிட்டால் ஜெபத்துக்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தப்பான பெயரைச் சொல்லிவிடாதீர்கள். குறிப்பெழுதுவது தெரு திரும்பிய பிறகு. உட்கார்ந்த இடத்தில் நோட்டை எடுத்தால் வீட்டுக்காரர், சபைக்குச் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கியை எழுதுகிறார் என்றே நினைப்பார். பாக்கிப் பேச்சைச் சந்திப்பில் எடுக்கவே கூடாது. அதைக் கணக்கர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு தடவை எடுத்துவிட்டீர்களோ, அடுத்த சுற்றில் "ஐயர் வாராங்க" என்ற சத்தம் கேட்டதும் பின்வாசல் திறக்கும்.

நேரமும் முக்கியம். பீடி சுற்றுகிற வீடுகளில் கட்டு ஒப்படைக்கிற நேரத்துக்குப் போகாதீர்கள், தட்டு மடியில் இருக்கும்போது அவர்களால் எழுந்திருக்க முடியாது. வயல்காட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஆறரைக்கு மேல்தான். பெண்கள் மட்டும் இருக்கிற வீடானால் திண்ணையோடு நில்லுங்கள், உபதேசியாரோ (ஐயருக்கு உதவியாயிருக்கிற சபை ஊழியர்) பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவரோ கூட இருக்கட்டும். சேகரத் தேர்தல் அறிவித்த பிறகு சந்திப்பை நிறுத்தவும் கூடாது, வரிசையை மாற்றவும் கூடாது. கிழக்குத் தெருவில் தொடங்கியது கிழக்குத் தெருவிலேயே போகட்டும். நடுவில் ஒரு வேட்பாளர் வீட்டில் ஒரு காப்பி அதிகம் குடித்தாலும் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

சென்னையில் ஊழியம் செய்கிற ஆயர்:

ஐயா, அடுக்குமாடி வீடுகளுக்கு ஒரு சேர்க்கை. முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ராத்திரி ஏழரைக்கு முன்னால் யாரும் இருப்பதில்லை, அதனால் ஞாயிறு மாலைதான் வசதி. ஒரே கட்டடத்தில் மூன்று வீடு இருந்தால் மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். இரண்டுக்குப் போய் மூன்றாவதை விட்டால் லிப்ட்டில் பார்க்கும்போது கேள்வி வரும்.

ஐயரம்மா (ஐயரின் மனைவி), தென்கோடிச் சேகரம் ஒன்றிலிருந்து:

ஐயர் குடும்பம் குடியிருக்கிற குருமனையைப் பற்றி யாரும் எழுதவில்லையே, அதனால் எழுதுகிறேன். குருமனைக்கு முன்னறை ஒன்று, உள்வீடு ஒன்று என்று இரண்டு பாகம். முன்னறை சபைக்கு, அடுப்படியும் படுக்கையறையும் குடும்பத்துக்கு. இதை வந்த முதல் வாரத்திலேயே வழக்கமாக்காவிட்டால் பிறகு முடியாது. கமிட்டிக்காரர்கள் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து கணக்கு பேசுவார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகும்.

தம்பிமாரே, இவற்றை மட்டும் கவனியுங்கள். சொந்தப் பிள்ளையை உதாரணமாகப் பிரசங்கத்தில் சொல்லாதீர்கள், நல்லதாயிருந்தாலும் சொல்லாதீர்கள். திங்கள்கிழமை ஓய்வு என்று சபையில் அறிவித்துவிட்டு அதைக் காப்பாற்றுங்கள், சாவும் ஆபத்தும் மட்டும் விலக்கு. குடும்ப ஜெபம் 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் வசனம் வாசிக்கட்டும், அப்பா அங்கேயும் பிரசங்கம் பண்ண வேண்டாம். மனைவிக்கு ஐக்கிய சங்கத்துத் தலைமை வழக்கமாக வரும், அதோடு பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, உண்டியல் எண்ணுவது எல்லாம் சேர்ந்து வரும். ஒன்றை வாங்கினால் போதும். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை மற்றவர்களுக்கு வாசித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் நம்மில் அதிகம்.

மாற்றல் உத்தரவு வருகிற காலத்தில் பிள்ளைகளிடம் முதலில் சொல்லுங்கள். சபையில் கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்கு வந்து கேட்கக் கூடாது. பள்ளிக்கூடச் சிநேகிதர்களை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தானே.

சபைச் செயலாளர்:

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன பண்டிகையைப் பற்றி. சபை ஒரே குடும்பம் என்பதைக் கண்ணால் காட்டுகிற நாள் அது. 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 10 கிலோ ஆட்டுக்கறி என்று கணக்குப் போட்டால் குறையாது. முதல் பந்திக்கே கறியை அள்ளி வைத்துவிட்டால் கடைசிப் பந்திக்கு வெறும் குழம்புதான் போகும், கடைசிப் பந்தியில் உட்காருவது வேலை செய்த ஏழைகள். அதனால் அண்டாவிலிருந்து கறியைத் தனியாக எடுத்து, பந்திக்கு ஒரு வாளி என்று முன்கூட்டியே பிரித்து மூடி வையுங்கள். பரிமாறுகிறவர்களை ஒரே தெருவிலிருந்து எடுக்காதீர்கள். யார் பரிமாறுகிறார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில்தான் நம் ஊர்களில் ஜாதி ஒளிந்திருக்கிறது. ஐயர் பெரியவர்களோடு தனி அறையில் சாப்பிடாமல் நடுப்பந்தியில், தெற்குத் தெருக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வருஷப் பிரசங்கங்கள் எல்லாவற்றையும்விட அது அதிகம் பேசும்.

ஓய்வுபெற்ற சேகர குருவானவர்:

செயலாளர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இனி நட்பில் தப்பு எங்கே நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கைமாத்து வாங்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள். கஷ்டப்படுகிற குடும்பத்துக்குக் கொடுப்பதாயிருந்தால் திரும்பி வராது என்று முடிவு பண்ணிக் கொடுங்கள், கடனென்று கொடுத்தால் அந்த மனிதர் கூச்சப்பட்டு ஆராதனைக்கே வராமல் போவார். பாங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து எக்காரணத்துக்கும் வேண்டாம். ஞாயிறு சாப்பாடு தொடர்ந்து ஒரே வீட்டில் வேண்டாம். அயலான் சலித்துப்போகாதபடி அடிக்கடி அவன் வீட்டில் கால் வைக்காதே என்கிற நீதிமொழி ஐயர்மாருக்கும் சேர்த்துத்தான். மனசுக்குள் கிடக்கிறதைக் கொட்ட ஒரு சிநேகிதன் நமக்கும் தேவை, அவர் சேகரத்துக்கு வெளியே இருக்கட்டும். பக்கத்துச் சேகர ஐயர் ஒருவரோடு மாதத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், கமிட்டிப் பேச்சு அரைமணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டுக்கு அடக்க ஆராதனையன்று எல்லாரும் போவார்கள். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள், அதோடு கூட்டமும் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற தேதிகளை டைரியில் எழுதுங்கள்: போனவரின் பிறந்தநாள், அவர்கள் கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ். அன்றைக்குப் போய் 10 நிமிஷம் உட்காருங்கள். வேதப்புத்தகத்தின் மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் அப்படியே இருக்கும். அதை எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள், அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

கல்யாண ஓலையை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்கிற அறிவிப்பை) ஆராதனையில் மூன்று ஞாயிறு வாசிக்கிறோம், அந்த மூன்று வாரத்தையும் பயன்படுத்துங்கள். முதல் வாரம் மாப்பிள்ளை பெண் இருவரையும் உட்காரவைத்துப் பணத்தைப் பேசுங்கள்: சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் கையில் இருக்கும். இரண்டாம் வாரம் இரண்டு பெற்றோர் வீட்டையும் பேசுங்கள். மூன்றாம் வாரம் கோபம் வந்தால் எத்தனை நாள் பேசாமல் இருப்பீர்கள் என்று கேளுங்கள். பெற்றோர் அறையில் இருக்கக் கூடாது.

புதிய ஆயர் (முதல் சேகரம்):

ஐயா, மாற்றலாகிப் போன பிறகு பழைய சபையாரோடு எப்படி இருப்பது? போன் வந்துகொண்டே இருக்கும் என்கிறார்களே.

ஓய்வுபெற்ற சேகர குருவானவர்:

எடுங்கள் தம்பி, நலம் விசாரியுங்கள். சபை விவகாரத்தில் ஆலோசனை கேட்டால் "இப்ப உள்ள ஐயாட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் புதிய ஐயர் அழைத்தால் போங்கள், குடும்பம் மட்டும் அழைத்தால் அவருக்கு ஒரு போன் பண்ணிவிட்டுப் போய் சபையாரோடு பெஞ்சில் உட்காருங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு நோட்டு எழுதி வையுங்கள். படுக்கையில் கிடப்பவர்கள் யார், ராப்போஜனத்தை (நற்கருணையை) வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் யார், எந்த வீட்டில் அந்த வருஷம் துக்கம், காது கேளாத பாட்டிகள் எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள். யார் யாரோடு சண்டை என்பதை அதில் எழுத வேண்டாம்.